ஹோய் ஆனில் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை

வியட்நாம் போகிறவர்களுக்கு எல்லோரும் தவறாமல் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு. ஹோய் ஆன் போவதானால் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் போய்வந்துவிடுங்கள், ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்பது. வெயில் கடுமைதான், அதில் பொய்யில்லை. ஜூன், ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரி. அனல் அடிக்கும் வாரங்களில் 38, 39 வரை ஏறும். இரவிலும் 25-ஐ ஒட்டியே நிற்கும். காற்றில் ஈரமும் சேர்வதால் 34 டிகிரி உடம்புக்கு நாற்பதுக்கு மேலாகத் தெரியும். இவ்வளவு இருந்தும் அந்தப் புத்திமதி எனக்கு ஒப்பவில்லை. அந்த ஊரின் வீடுகளைக் கட்டியவர்கள் இந்த வெயிலையும், இதற்கு அடுத்து வரும் வெள்ளத்தையும் மனதில் வைத்துத்தான் கட்டினார்கள். இதமான மாதத்தில் போகிறவருக்கு ஹோய் ஆன் அழகான பழைய வீடுகள் உள்ள ஊர், அவ்வளவுதான். அந்த வீடு ஏன் அவ்வளவு ஒடுக்கம், ஏன் அவ்வளவு நீளம், நடுவில் ஏன் வானம் தெரிகிறது என்பதெல்லாம் கோடையில் போனால்தான் தோலுக்கே புரியும். கோடையில் போய் நொந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்றுதான். ஒன்பதரை மணிக்கு ஓட்டலில் காலை உணவை முடித்து, பத்து மணிக்கு ஊருக்குள் இறங்கி, மூன்று மணிக்குத் தலைவலியோடு அறைக்குத் திரும்புவது.

வெயிலுக்குப் பயந்து பயணத்தை அக்டோபருக்குத் தள்ளிவைப்பது இதைவிடப் பெரிய பிழை. ஹனோயிலும் சைகோனிலும் கோடைதான் மழைக்காலம், நடு வியட்நாமின் கடற்கரையில் அப்படி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தை மேற்கே நிற்கும் ட்ருவோங் சோன் மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. செப்டம்பரில் தொடங்கி வருடக் கடைசிவரை வடகிழக்கிலிருந்து வரும் காற்றும் புயல்களும்தான் மழை கொடுக்கின்றன. அக்டோபர், நவம்பரில் து போன் ஆறு கரையேறித் தெருவுக்குள் வருவது அங்கே வழக்கமான நிகழ்ச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருந்துகொண்டு ஐப்பசிக்குக் காத்திருக்கும் நமக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஆக, கோடை என்றால் ஹோய் ஆனில் வறண்ட தெரு, அமைதியான கடல், நீண்ட பகல். அதற்குக் கொடுக்கும் விலை வெயில் ஒன்றுதான்.

அந்த வெயிலும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மலையைத் தாண்டி மேற்கிலிருந்து இறங்கும் காற்றை அங்கே 'கியோ லாவ்', லாவோஸ் காற்று என்கிறார்கள். மலையின் அந்தப் பக்கம் ஈரத்தை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் சரிவில் இறங்கும்போது சூடேறி வறண்டுபோய் வரும் காற்று அது. அது வீசும் நாளில் கடற்காற்றும் உள்ளே வருவதில்லை. சட்டை நனையாது, வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். அதனாலேயே எவ்வளவு தண்ணீர் போனது என்பது தெரியாமல் பிற்பகலில் தலைசுற்றும். மற்ற நாட்கள் புழுக்கமான நாட்கள். காற்று அசையாது, வியர்வை காயாது, உடம்பின் சூடு வெளியேற வழியில்லை. முதல் வகை நாளில் தாகம் எடுக்காவிட்டாலும் மணிக்கு அரை லிட்டராவது குடிக்க வேண்டும். இரண்டாம் வகை நாளில் குடிப்பது மட்டும் போதாது. நடையைக் குறைத்து, காற்றோட்டம் உள்ள இடத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். காலையில் வாசலுக்கு வந்து காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு அன்றைய திட்டத்தைப் போடுவது நல்லது.

ஊரின் கடிகாரம்

ஜூனில் அங்கே சூரியன் ஐந்தேகாலுக்கு உதித்துவிடுகிறது. உச்சிப்பொழுது பன்னிரண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் முன்பே வந்துவிடும். மாலை ஆறே காலுக்குப் பிறகு அடையும். நம் ஊர்க் கடிகாரப் பழக்கத்தில் ஏழு மணியை 'சீக்கிரம்' என்று நினைத்தால் ஏமாந்துபோவோம், அங்கே ஏழு மணி என்பது ஏறக்குறைய நம் ஏழரை மணிக்குச் சமம். சந்தை விடியுமுன் தொடங்கிவிடுகிறது. ஆற்றோரத்தில் மீன் இறங்குவதும், கீரைக்கட்டுகள் வந்து சேர்வதும், சைக்கிளில் அரிசி நூடுல்ஸ் போவதும் ஆறு மணிக்குள் பாதி முடிந்திருக்கும். பகலில் படம் எடுக்க இடம் கிடைக்காத ஜப்பானியப் பாலத்தில் அந்த நேரத்தில் உள்ளூர்க்காரர்கள் மட்டும் நடந்துகொண்டிருப்பார்கள். 20,000 டாங் நோட்டில் இருப்பது அந்தப் பாலம்தான். 2022 கடைசியில் பிரித்துச் செப்பனிடத் தொடங்கி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். மேலே ஓட்டுக்கூரை, கீழே தண்ணீர், ஒரு முனையில் குரங்கும் மறுமுனையில் நாயும் காவல். உள்ளே ஒட்டியிருக்கும் சின்னக் கோயிலில் புத்தர் இல்லை, வடதிசைக்கு உரிய தெய்வமான ட்ரான் வோதான் இருக்கிறார். 1719-இல் அந்தப் பக்கம் வந்த, அந்தப் பகுதியை ஆண்ட நுயென் வம்சத்துப் பிரபு பாலத்துக்கு வைத்த பெயருக்கு 'தூரத்திலிருந்து வருகிறவர்களின் பாலம்' என்று பொருள்.

பழைய தெருக்களில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை உள்ள நேரம் காலை 9 முதல் 11 வரை, பிறகு மாலை 3 முதல் இரவு 9.30 வரை. நடுவில் உள்ள நான்கு மணி நேரத்தில் ஸ்கூட்டர்கள் திரும்ப வந்துவிடும். இந்த நேரங்களை எழுதிய பலகையை வாசித்தவுடனே திட்டம் தெளிவாகிவிட வேண்டும். பதினொன்று முதல் மூன்று வரை நடந்து சுற்றும் நேரமில்லை என்று ஊரே எழுதி ஒட்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் அங்கே மக்கள் சாப்பிட்டுவிட்டு மதியத் தூக்கம் போடுவார்கள். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தால் எழுப்பாமல் நகர்ந்துவிடுவதே மரியாதை.

நிழலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஹோய் ஆன் ஏறக்குறைய 15.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மே 4 வாக்கில், நமக்கு அக்கினி நட்சத்திரம் தொடங்கும் அதே நாளில், சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறது. மறுபடி ஆகஸ்ட் 8, 9 வாக்கில். நடுவில் உள்ள மூன்று மாதமும் உச்சிவேளையில் சூரியன் ஊருக்கு வடக்கே நிற்கிறது. முக்கியத் தெருக்களான ட்ரான் ஃபூவும் நுயென் தாய் ஹோக்கும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. எனவே ஜூனில் வடவரிசை வீடுகளின் ஓரமாகத்தான் நிழல் விழும். காலை ஏழு மணிக்கு அது பாதித் தெருவை மூடும், ஒன்பதுக்கு ஓர் ஆள் நடக்கிற அகலம், பதினொன்றுக்கு இறவாரத்துக்குக் கீழே மட்டும். ஆற்றை ஒட்டிய பாக் டாங் தெருவில் ஒரே பக்கம்தான் வீடுகள் என்பதால் ஆற்றங்கரை நடைபாதை முழு வெயில். அதை விடியலுக்கோ மாலைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு தெற்காகச் செல்லும் ஒடுக்கமான சந்துகளில் பத்து மணி வரைகூடக் கிழக்குச் சுவரின் நிழல் கிடைக்கும்.

தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததே. ஆன் பாங் கடற்கரை ஊரிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர். அங்கே அறை எடுத்தவர் மதியம் திரும்ப டாக்சி வேண்டும், மாலை வர மறுபடி டாக்சி. அலுத்துப்போய், 'வந்தது வந்தோம், இருந்து பார்த்துவிடுவோம்' என்று உச்சி வெயிலில் ஊருக்குள்ளேயே சுற்றுவார். பழைய நகரிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்துக்குள் இருக்கும் அறைதான் கோடைக்கு ஏற்றது. டா நாங் விமான நிலையம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது.

முற்றம்

இப்போது அந்த நான்கு மணி நேரத்துக்கு வருகிறேன். எல்லோரும் வீணான நேரம் என்று தள்ளிவிடுகிற அந்த மதியத்தில்தான் ஹோய் ஆனின் சாரம் இருக்கிறது என்பது என் முடிவு.

பழைய நகருக்கான நுழைவுச்சீட்டு வெளிநாட்டவருக்கு 120,000 டாங். அதில் ஐந்து இடங்களுக்கான துண்டுகள் இருக்கும். ஐந்தையும் ஒரே காலையில் தீர்த்துவிட வேண்டும் என்று பலர் ஓடுகிறார்கள். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம், ஒரு கோப்பைத் தேநீர், வழிகாட்டியின் மனப்பாடம், அடுத்த வீடு. அப்படி ஓடினால் ஐந்து வீடுகளும் ஒரே வீடாகிவிடும். ஒரே ஒரு துண்டை எடுத்துவைத்துக்கொண்டு, குழுக்கள் சாப்பாட்டுக்குக் கலையும் பதினொரு மணிக்கு, தான் கி வீட்டுக்கோ குவான் தாங் வீட்டுக்கோ போங்கள். மதியம் மூடுவார்களா என்று முதலிலேயே வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் அந்த ஒரே வீட்டில் இருங்கள்.

தான் கி வீட்டின் முன்வாசல் நுயென் தாய் ஹோக் தெருவில், பின்வாசல் ஆற்றைப் பார்த்த பாக் டாங் தெருவில். முன்னால் கடை, பின்னால் சரக்கு இறங்கும் துறை, இரண்டுக்கும் நடுவில் குடும்பம். தெருவோரம் அகலம் குறைவு, உள்ளே நீளம் அதிகம். குழாய் மாதிரியான இந்த வீட்டின் இரண்டு முனையிலும்தான் வெயில் படும். நெடுஞ்சுவர்கள் பக்கத்து வீட்டோடு ஒட்டியவை, சூரியன் அவற்றைத் தொடவே முடியாது. மேலே வளைந்த மண் ஓடுகளை ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். அங்கே இதற்கு யின்-யாங் ஓடு என்று பெயர், நம் நாட்டு ஓட்டுக் கூரையின் உறவு. கனமான அடுக்கு, இடையிடையே காற்று, அடியில் பலா உள்ளிட்ட மரங்களின் உத்திரம். வெயில் ஓட்டைக் காய்ச்சினாலும் அந்தச் சூடு கீழே வந்து சேர வெகு நேரமாகும்.

இதற்கெல்லாம் உயிர் கொடுப்பது நடுவில் உள்ள சின்ன முற்றம். இரவில் குளிர்ந்த காற்று கனத்து அதற்குள் இறங்கித் தரையையும் சுவரடியையும் குளிர்விக்கிறது. காலையில் சுவர்களின் நிழல் அந்தக் குளிர்ச்சியைக் காப்பாற்றுகிறது. உச்சிவேளையில்தான் வெயில் நேராகத் தரைவரை விழும். அப்போது முற்றத்துக் காற்று சூடேறி மேலே எழும்புகிறது, அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்னறையின் நிழலிலிருந்தும் ஆற்றுப் பக்கத்திலிருந்தும் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வெளியே வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு இந்த இழுவையும் கூடும். பன்னிரண்டு மணிக்கு முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள தூணோரம் நின்றால் கணுக்காலில் அந்தக் காற்று தெரியும். இதமான மார்ச் மாதத்துக் காலையில் இது நடக்காது, நடந்தாலும் யாருக்கும் தெரியாது. வீடு என்பது ஒரு பொறி, அது வேலை செய்கிற நேரம் மதியம். பொறி நின்றிருக்கும்போது பார்த்துவிட்டு வேலைப்பாடு அழகு என்று சொல்லிவிட்டு வருவதில் எனக்கு ஆதங்கம் உண்டு.

காற்று வர முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். பழைய கடைகளின் முகப்பில் மேலே மரக்கம்பி, கீழே பலகை. குறுக்குப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டால் முகப்பு முழுதும் திறந்துகொள்ளும். கழற்றாத வாசலின் மேல் நிலையில் இரண்டு வட்ட மரக்கண்கள் பதித்திருக்கும், வீட்டைக் காக்கும் கண்கள். இதே வீட்டில் ஏசி போட வேண்டுமானால் முகப்பைக் கண்ணாடியால் அடைக்க வேண்டும், முற்றத்தையும் மூட வேண்டும். அப்போது வீடு இறுகிப்போன பெட்டியாகிவிடும். குளிர்ச்சியான கடைக்குள் புகுந்து பழைய வீட்டைப் பார்த்துவிட்டதாக நினைப்பது அதனால்தான் பொருந்தாது. ஏசி வேண்டுமென்றால் தையல் கடைக்குப் போங்கள். மதியத்தில் செய்ய அதைவிட நல்ல வேலை இல்லை. முதல் நாள் மதியம் அளவு, மறுநாள் மதியம் போட்டுப் பார்ப்பது, மூன்றாம் நாள் திருத்தம். ஒரே நாளில் வேண்டும் என்று அவசரப்படுத்தினால் தோள்பட்டையில் தப்பு நிற்கும். வியர்த்த உடம்போடு உடனே அளவு கொடுக்காமல் கால்மணி நேரம் உட்கார்ந்து ஆறிவிட்டுக் கொடுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்புமுன் தான் கி வீட்டுப் பின்சுவரில் வெள்ளக் குறிகளைப் பாருங்கள். 1964-ஆம் ஆண்டுக் குறி தலைக்கு மேலே இருக்கும். ஃபுங் ஹுங் என்ற இன்னொரு பழைய வீட்டில் மேல்தளத்தின் தரையில் ஒரு கதவு உண்டு, வெள்ளம் ஏறும்போது சரக்கை அது வழியாக மேலே தூக்கிக்கொள்வார்கள்.

குடிப்பதும் உண்பதும்

கோடையில் பயணிகள் விழுவது தண்ணீர் குடிக்காததால் மட்டுமல்ல, வெறும் தண்ணீரை மட்டும் குடிப்பதாலும்தான். வியர்வையில் போன உப்பு திரும்பி வர வேண்டும். அதற்கு அங்கே 'சான் முவோய்' இருக்கிறது. முழு எலுமிச்சையை உப்பில் ஊறவைத்து, சர்க்கரையும் தண்ணீரும் ஐஸும் சேர்த்து நசுக்கிக் கொடுப்பார்கள். உடம்புக்கு இதைவிட ஏற்றது கிடையாது. கரும்புச்சாறில் சின்ன ஆரஞ்சுக்காயைச் சேர்த்துப் பிழிவார்கள், சுவை அபாரம். ஆனால் அது சர்க்கரை, உப்புக்கு ஈடாகாது. பீர் கணக்கில் சேராது. மருந்துக்கடையில் 'ஓரெசோல்' என்று கேட்டால் உப்புச் சர்க்கரைப் பொடி கிடைக்கும். பொட்டலங்கள் பல அளவில் வரும், 200 மில்லிக்கானதும் உண்டு, ஒரு லிட்டருக்கானதும் உண்டு. உறையில் போட்ட அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். லிட்டர் பொட்டலத்தை ஒரு கோப்பையில் கரைத்துக் குடித்தால் உப்பு மிஞ்சி நிலைமை மோசமாகும். ஒருவர் பிதற்றினாலோ, தள்ளாடினாலோ, சூடான உடம்பில் வியர்வை நின்றுபோனாலோ ஓரெசோலோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே நிழலுக்கு இழுத்து, உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே 115-ஐ அழைக்க வேண்டும்.

சாப்பாட்டில் காவ் லாவ் இந்தப் பருவத்துக்கு ஏற்றது. தடித்த நூடுல்ஸுக்கான அரிசியைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள், மஞ்சள் நிறமும் அழுத்தமான கடியும் அதனால் வருபவை. சூப்பு அடியில் ஒரு கரண்டிதான், மேலே பக்கத்து ட்ரா குவே தோட்டத்துக் கீரைகள். கொதிக்கும் கிண்ணத்தின் மேல் குனிந்து வியர்க்க வேண்டியதில்லை. வழக்கமாகப் பன்றி இறைச்சி போடுவார்கள். சைவக்காரர்கள் 'சாய்' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும், அது சைவ உணவு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஊரில் பலர் சாய் சாப்பிடுவதால் அன்று காவ் லாவ் சாய், இன்னொரு வகை நூடுல்ஸான மி குவாங்கிலும் சாய் என்று எங்கும் கிடைக்கும். 'காய்கறி மட்டும்' என்று சொல்லிக் கேட்டால் மீன் சாறு ஊற்றியே வரும், அவர்களுக்கு அது உப்பு மாதிரி.

ட்ரா குவே கீரைத் தோட்டம் மூன்று கிலோமீட்டர். ஆறு மணிக்குச் சைக்கிளில் போனால், தோளில் காவடி போட்டு இருபுறமும் பூவாளி தொங்கப் பாத்திகளுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கலாம். எட்டு மணிக்குத் தோட்டத்தில் ஆள் இருக்காது. கடலுக்கும் இதே நேரம்தான்: எட்டுக்கு முன், நான்குக்குப் பின்.

கோடையில் மட்டும் வாய்க்கும் இன்னொன்று, சந்திர ஐந்தாம் மாதத்தின் ஐந்தாம் நாள் வரும் தோவான் ங்கோ திருநாள். 2026-இல் அது ஜூன் 19. சந்தையில் மூலிகை இலைகளைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். வாங்கிப்போய் வெயிலில் காயவைத்து வருடம் முழுக்கக் கஷாயம் போட வைத்துக்கொள்வார்கள். அன்று உச்சிவேளையில் பறித்த இலைக்கே வீரியம் அதிகம் என்பது நம்பிக்கை. சாம்பல் தண்ணீரில் ஊறிய ஒட்டரிசியை இலையில் முக்கோணமாகக் கட்டி வேகவைத்த 'பான் ஊ ட்ரோ'வும் அன்றைய பண்டம். கட்டுக்கட்டாக வாங்குவார்கள்.

மாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, விளக்குகளைப் படத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆறரை முதல் எட்டரை வரை ஆற்றங்கரையில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வியட்நாமியப் பள்ளிகளுக்கும் விடுமுறை. ஒன்பதுக்கு மேல் போனால் மூச்சுவிடலாம். சந்திர மாதத்தின் பதினான்காம் இரவில் மின்விளக்கை அணைத்துக் காகித விளக்குகளை மட்டும் எரிய விடுவார்கள்.

மி சோன்

ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டரில் உள்ள பழைய கோயில் பள்ளத்தாக்கான மி சோனுக்கு ஒரு காலையை ஒதுக்காமல் இருக்கக் கூடாது. இரண்டும் 1999-இல்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. நான்காம் நூற்றாண்டில், அந்தக் கடற்கரையை ஆண்ட சம்பா நாட்டின் அரசன் பத்ரவர்மன் சிவனுக்கு அங்கே கோயில் எடுத்து, பள்ளத்தாக்கு முழுவதையும் அந்த இறைவனுக்கு எழுதிவைத்தான். இறைவனின் பெயர் பத்ரேஸ்வரர். அரசன் தன் பெயரோடு ஈஸ்வரனைச் சேர்த்து வைக்கும் வழக்கம், ராஜராஜேச்சரம் தெரிந்த நமக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டுவரை அங்கே செங்கல் கோயில்கள் எழுந்துகொண்டிருந்தன. அவற்றில் உயர்ந்த, ஏ1 என்று எண்ணிட்ட கோயில் 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் இடிந்தது. இந்தியத் தொல்லியல் துறை அங்கே செப்பனிட்டபோது, 2020-இல், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான லிங்கம் வெளிப்பட்டது.

நான்கு பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம் அது. கடற்காற்று எட்டாது. ஒன்பது மணிக்கு மேல் செங்கல் சூடேறி வெப்பத்தைத் திருப்பி வீசும். பேருந்துக் குழுக்கள் வந்து சேர்வதும் அந்த நேரத்தில்தான். வாயில் திறப்பது ஆறு மணிக்கு. ஐந்து மணிக்கு ஹோய் ஆனிலிருந்து கிளம்பிவிட வேண்டும், முந்தின இரவே வண்டி பேசி, தண்ணீரும் ரொட்டியும் எடுத்து வைத்துக்கொண்டு. சீட்டு 150,000 டாங். வாயிலிலிருந்து உள்ளே மின்வண்டி கொண்டு விடும். கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு பார்த்தவை என்பதால் மலைக்கு மேல் ஏறிவரும் இளவெயில் வாசல் சிற்பங்களில் சாய்ந்து விழும், செதுக்கிய ஆழம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் கேமரா லென்ஸில் பனி படியும், துடைத்தால் திரும்பப் படியும். அரைமணி நேரம் முன்பே பையின் ஜிப்பைத் திறக்காமல் ஏசி இல்லாத டிக்கியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பி, சி, டி என்று எழுத்திட்ட கோயில் தொகுதிகளை முதலில் பார்த்துவிட்டு ஏ-க்கு நடந்தால் ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். பத்துக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கு ஹோய் ஆன். சீட்டில் இன்னும் ஒரு துண்டு மிச்சமிருந்தால், குவான் தாங் வீட்டின் முற்றத்தில் வெயில் அப்போதுதான் தரையைத் தொடத் தொடங்கியிருக்கும்.